எல்லாக் கரியும் கோக் ஆகாது

(அரியக்குடியில் நேயர்கள் முன்னிலையில் பதிவான எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கி, செம்மைப்படுத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் அரியக்குடியிலிருந்து. காரைக்குடியை ஒட்டின ஊர். பாட்டு கேட்கிறவங்களுக்கு அரியக்குடின்னா ராமானுஜ ஐயங்கார். சாமி கும்பிட வர்றவங்களுக்கு இது தென் திருப்பதி. கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு வாங்குறவங்களுக்கு அரியக்குடி விளக்கு. நாம வந்தது அந்த மூணாவது காரணத்துக்காக. உலோகத்தை உருக்கி ஊத்துற ஊர்ல உட்கார்ந்து, இரும்பு உருக்குறதைப் பத்திப் பேசலாம்னு ஒரு ஆசை.

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். சேலத்துல கஞ்சமலை இருக்கு, அதுல இரும்புத் தாது இருக்கு. நெய்வேலியில பழுப்பு நிலக்கரி இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல சில மணி நேரப் பயணம்தான். தாதும் இருக்கு, கரியும் இருக்கு. அப்புறம் ஏன் தமிழ்நாட்டுல ஒரு ஜாம்ஷெட்பூரோ பிலாயோ உருவாகலை? சேலம் உருக்காலைன்னு ஒண்ணு வந்துச்சு, உண்மைதான். ஆனா 1980-களின் தொடக்கத்துல அது உற்பத்தியை ஆரம்பிச்சப்போ, தாதுவை உருக்குற உலை அங்க கிடையாது. வெளியிலிருந்து வாங்கின ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மெல்லிய தகடா உருட்டுற ஆலையாத்தான் அது ஆரம்பமாச்சு.

இதுக்குப் பதில்ல ஒரு பெரிய பங்கு ஒரு சாம்பல் நிறக் கட்டிக்கு இருக்கு. அதுக்குப் பேரு கோக். பள்ளிக்கூடப் புத்தகத்துல கற்கரின்னு படிச்சிருப்பீங்க. அந்தக் கோக்கைக் கொஞ்சம் மலிவான கரியிலிருந்து எப்படி எடுக்கிறது, அதுக்குக் கரித்தூளைக் கட்டியா அழுத்துறது எவ்வளவு தூரம் உதவும், எங்க உதவாது, இதுதான் இன்னிக்குப் பேச்சு. ஆங்கிலப் பேரு பிரிக்கெட். நாம கரிக்கட்டின்னே சொல்லிக்கலாம்.

ஒரு சின்ன விளக்கம். கடலைத்தோல், மரத்தூள் எல்லாம் அழுத்தி பாய்லருக்கு எரிக்க ஒரு பிரிக்கெட் விக்கிறாங்களே, அது வேற. அது எரியுறதுக்கு. நாம பேசப்போறது எரிக்கிறதுக்கு முன்னாடி, கோக் ஆக்குறதுக்காகச் செய்ற கட்டி.

கோக் செய்யும் மூணு வேலை

விளக்குப் பட்டறை உலையை முதல்ல மனசுல வெச்சுக்கோங்க. பித்தளையை ஒரு மூசையில போட்டு, அதைச் சுத்திக் கரியை மூட்டி, காத்து ஊதி உருக்குவாங்க. தொள்ளாயிரம் டிகிரியைத் தாண்டினா பித்தளை தண்ணியாயிடும். இங்க கரிக்கு ஒரே வேலைதான்: சூடு கொடுக்கணும். உலோகத்தோட பாரத்தை மூசை தாங்கிக்கும். கரி நொறுங்கினாலும் பெரிய கவலை இல்ல.

இரும்பு ஆலையில இருக்கிற ஊது உலையில மூசையே கிடையாது. முப்பது மீட்டர் அளவுக்கு உயரம் போற ஒரு கோபுரம். மேலேர்ந்து தாது, சுண்ணாம்புக்கல், கோக் மூணையும் அடுக்கடுக்கா கொட்டுவாங்க. கீழேர்ந்து ஆயிரம் டிகிரிக்கு மேல சூடான காத்தை ஊதுவாங்க. இங்க கோக்குக்கு மூணு வேலை.

ஒண்ணு, சூடு. அது தெரிஞ்சதுதான்.

ரெண்டு, ரசாயனம். தாதுங்கிறது இரும்பும் ஆக்சிஜனும் இறுக்கிக் கட்டிப்பிடிச்சிருக்கிற பொருள். கோக் எரிஞ்சு வர்ற கார்பன் மோனாக்சைடு அந்த ஆக்சிஜனைப் பறிச்சுக்கிட்டுப் போகும். அப்பத்தான் இரும்பு தனியாகும்.

மூணு, தாங்குறது. இதைத்தான் பலரும் கவனிக்கிறதில்ல. உலைக்குள்ள கீழே போகப் போக தாது இளகி, உருகி, சொட்டுச் சொட்டா இறங்கும். அந்தச் சூட்டுல திடமா நிக்கிற ஒரே பொருள் கோக்தான். மேல இருக்கிற அத்தனை பாரத்தையும் அது தாங்கணும். தாங்குறதோட, கட்டிக்கும் கட்டிக்கும் நடுவுல இடைவெளி இருக்கணும். அந்த இடைவெளி வழியாத்தான் காத்து மேல போகும், உருகின இரும்பு கீழே இறங்கும். கோக் நொறுங்கித் தூளானா இடைவெளி அடைஞ்சுபோகும், உலைக்கு மூச்சு முட்டும்.

அதனால கோக்கை விலை பேசுறப்போ, எவ்வளவு சூடு தரும்னு மட்டும் கேட்க மாட்டாங்க. எவ்வளவு பலமா நிக்கும்னு கேட்பாங்க. அதுக்கு சி.எஸ்.ஆர்.னு ஒரு சோதனை இருக்கு. கம்பெனிகள் மரம் நட்டு போட்டோ எடுக்குற சி.எஸ்.ஆர். இல்ல! கோக் துண்டுகளை 1100 டிகிரியில ரெண்டு மணி நேரம் கார்பன் டை ஆக்சைடுல வாட்டி, அப்புறம் ஒரு உருளையில போட்டு உருட்டுவாங்க. எவ்வளவு பங்கு உடையாம மிஞ்சுதோ அதுதான் மதிப்பெண். நூத்துக்கு அறுபதுக்கு மேல வாங்குற கோக்கைத்தான் பெரிய உலைகள் விரும்பும்.

பொரி உருண்டைக் கணக்கு

சரி, கோக் எப்படி உருவாகுது? நிலக்கரியை இடிச்சு, காத்துப் படாத அடுப்பறையில அடைச்சு, 1000 டிகிரி அளவுக்கு, ஏறக்குறைய ஒரு பகல் ஒரு ராத்திரி வாட்டுவாங்க. அந்த அறை விசித்திரமா இருக்கும். உயரமும் நீளமும் பல மீட்டர், அகலம் மட்டும் அரை மீட்டர் அளவுதான். நட்டு வெச்ச புத்தகம் மாதிரி. அந்த மாதிரி அறைகள் வரிசையா நிக்கும். ரெண்டு பக்கச் சுவர்லேர்ந்தும் சூடு உள்ள போகும்.

உள்ள என்ன நடக்குதுங்கிறதுக்குப் பொரி உருண்டையை நினைச்சுக்கோங்க. கார்த்திகைக்கு வீட்ல பிடிக்கிறது. பொரி தனியா இருந்தா உதிரி. வெல்லப்பாகு சரியான பதத்துல சேர்ந்தா உருண்டை. பாகு இளகி ஒவ்வொரு பொரியையும் தொட்டு, ஆறினதும் இறுகிப் பிடிச்சுக்குது.

நல்ல கோக் கரி தனக்குள்ளயே பாகை வெச்சிருக்கும். ஏறக்குறைய 350, 400 டிகிரியில அது இளகும். 500 தாண்டுறப்போ இறுகிடும். நடுவுல அந்தக் கொஞ்ச நேரம்தான் எல்லாம். அந்த இளகின நிலையில துகளோட துகள் ஒட்டி, உள்ளேர்ந்து வாயு வெளியேறி, நுண்ணிய துளைகளோட ஒரே பாளமாயிடும். பலவீனமான கரியில பாகு கம்மி. சில கரியில பாகே கிடையாது. ஆயிரம் டிகிரியில வாட்டினாலும் தூளாப் போனது தூளாவே வெளியே வரும். மின்சாரம் எடுக்க எரிக்கிற நிலக்கரியில பெரும்பகுதி இந்த ரகம்தான். எரியும், ஆனா ஒட்டாது.

இப்போ வீட்ல பாகு பத்தலைன்னா பாட்டி என்ன பண்ணுவாங்க? கையை இன்னும் இறுக்கிப் பிடிப்பாங்க. பொரிக்கும் பொரிக்கும் நடுவுல தூரம் குறைஞ்சா கொஞ்சப் பாகே போதும். கரிக்கட்டியோட மொத்தத் தத்துவமும் அந்தப் பிடியிலதான் இருக்கு.

தூளைக் கட்டியாக்கினா என்ன ஆகும்?

அடுப்பறையில கரித்தூளை மேலேர்ந்து சும்மா கொட்டினா ஒரு கன மீட்டர்ல ஏறக்குறைய முக்கால் டன் பிடிக்கும். மிச்சமெல்லாம் காத்து. அதே கரியை உருளை எந்திரத்துல அழுத்திக் கட்டியாக்கினா, அந்தக் கட்டியோட அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல போயிடும்.

எல்லாத்தையும் கட்டியாக்க வேண்டியதில்ல. நூத்துல முப்பது பங்கு போதும். அந்த முப்பதைத் தனியாப் பிரிச்சு, தார்ப்பிசின் மாதிரி ஒட்டுப்பொருளைச் சேர்த்து, நீராவியில பிசைஞ்சு, உருளைகளுக்கு நடுவுல அழுத்தினா சோப்புக்கட்டி அளவுல கட்டி கட்டியா விழும். அதை மீதி எழுபது பங்கு தூளோட கலந்து அடுப்பறைக்குள்ள இறக்குவாங்க.

இதுல மூணு நன்மை. மொத்த அடர்த்தி கூடுது. துகள்கள் நெருங்கி இருக்கிறதால, கொஞ்சப் பாகும் நிறைய இடத்தைத் தொடுது. அப்புறம், இறுகி இருக்கிற கட்டி சூட்டுல உப்பும். உப்புறப்போ சுத்தி இருக்கிற தூளைத் தள்ளி இறுக்கும். தான் ஒட்டுறதோட பக்கத்துல இருக்கிறதையும் நெருக்கி ஒட்ட வைக்குது. முடிவுல அடுப்பைத் திறந்தா கட்டி தனியா, தூள் தனியா தெரியாது. எல்லாம் சேர்ந்து ஒரே கோக்.

இதைப் பெரிய அளவுல நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஜப்பான், 1970-களின் தொடக்கத்துல. அவங்க கிட்ட நல்ல கோக் கரி போதுமான அளவு இல்ல. எல்லாம் கப்பல்ல வரணும். அந்த நெருக்கடியிலதான் இது வளர்ந்துச்சு. இன்னொரு வகையில, பலவீனமான கரியை மட்டும் கட்டிக்குள்ள வெச்சு, ஒட்டுப்பொருளையும் அங்கேயே கொடுத்து, நல்ல கரியைச் சுத்தி விட்டாங்க. வீக்கா இருக்கிற பையனை நடுவுல உட்கார வெச்சு, ரெண்டு பக்கமும் நல்லாப் படிக்கிற பசங்களை உட்கார வைக்கிற வாத்தியார் டெக்னிக். இப்படிச் செஞ்சா கலவையில பத்து, இருபது சதவீதம் என்ற அளவுல மலிவான கரியை உள்ளே விட முடியும், கோக்கோட பலமும் பெரிசா குறையாது.

இந்தியாவுல பிலாய் உருக்காலையில இந்தப் பகுதிக் கட்டி முறையை வெச்சாங்க. டாடா ஸ்டீல் 1980-களின் இறுதியில ஜாம்ஷெட்பூர்ல வேற வழியில போச்சு. முப்பது சதவீதம் எதுக்கு, மொத்தத்தையும் இடிச்சு இறுக்கிடலாம்னு. ஒரு பெட்டியில கரியைக் கொட்டி, மேலேர்ந்து உலக்கை மாதிரி இடிச்சு இடிச்சு, அடுப்பறை அளவுக்கு ஒரே கேக்கா செஞ்சு, பக்கவாட்டுல உள்ள தள்ளுவாங்க. ரெண்டு முறையும் ஒரே கேள்விக்கு ரெண்டு பதில்: பாகு கம்மியா இருக்கிற கரியை எப்படி நெருக்கமா உட்கார வைக்கிறது?

இதுல நமக்கு என்ன?

காசு இருக்கு. நிறைய இருக்கு.

உலகத்துல சீனாவுக்கு அடுத்து அதிகமா எஃகு செய்ற நாடு இந்தியா. ஊது உலை வழியா ஒரு டன் எஃகு செய்ய முக்கால் டன் அளவுக்கு நிலக்கரி போகுது. நம்ம நாட்டுல கோக் கரி இல்லாம இல்ல. ஜார்க்கண்ட்ல ஜாரியா இருக்கு. ஆனா நம்ம கரியில சாம்பல் அதிகம். அந்தச் சாம்பலும் பருப்புல கல்லு மாதிரி பொறுக்கி எடுக்குற ரகம் இல்ல, மாவோட மணல் கலந்த மாதிரி உள்ளுக்குள்ளேயே கலந்து கிடக்கு. கழுவிப் பிரிக்கிறது கஷ்டம். போதாக்குறைக்கு ஜாரியாவுல நூறு வருஷத்துக்கும் மேல பூமிக்கடியில தீ எரிஞ்சுக்கிட்டிருக்கு.

அதனால வருஷத்துக்கு 5 கோடி டன்னுக்கு மேல கோக் கரியை இறக்குமதி பண்றோம். அதுல அதிகம் வர்றது ஆஸ்திரேலியாவுலேர்ந்து. அங்க குயின்ஸ்லாந்துல வெள்ளம் வந்தாலோ, உக்ரைன்ல போர் வந்தாலோ இங்க விலை ஆடும். 2020 கடைசியில டன் 100 டாலர் அருகே இருந்த உயர்தரக் கோக் கரி, 2022 மார்ச்சில 600 டாலரைத் தாண்டிச்சு. வீடு கட்டுறவங்க அந்த வருஷம் கம்பி விலையைப் பார்த்து மிரண்டது ஞாபகம் இருக்கலாம். கம்பி விலைக்குக் காரணங்கள் பல. அதுல இதுவும் ஒண்ணு.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். இறக்குமதியில பத்துல ஒரு பங்கு, அதாவது 50 லட்சம் டன், மலிவான ரகத்துக்கு மாறுதுன்னு வைங்க. ரெண்டு ரகத்துக்கும் விலை வித்தியாசம் டன்னுக்கு 50 டாலர்னு வைங்க. வருஷத்துக்கு 25 கோடி டாலர். நம்ம காசுல 2,000 கோடி ரூபாய்க்குக் குறையாது. ஒட்டுப்பொருள், எந்திரம், மின்சாரம் எல்லாம் இதுலேர்ந்து கழியும். இருந்தாலும் யோசிக்க வைக்கிற தொகைதான்.

நெய்வேலி சொல்லிக்கொடுத்த பாடம்

இப்போ நம்ம முதல் கேள்விக்கு வர்றேன். அழுத்தினா ஒட்டும்னா, நெய்வேலிக் கரியை அழுத்திக் கோக் ஆக்கி, கஞ்சமலைத் தாதுவை உருக்கியிருக்கலாமே?

யோசிக்காம இல்ல. 1950, 60-களில் திட்டம் போட்டவங்க பேசின விஷயம்தான் இது. அதுக்கும் முன்னாடி, 1830-களில், ஜோசையா ஹீத்னு ஒரு ஆங்கிலேயர் சேலம் பக்கத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய் உருக்கினார். அவர் நம்பினது மரக்கரியை. ஒரு ஆலையோட பசிக்குக் காடு எத்தனை நாள் தாங்கும்? இங்கிலாந்துல 1709-லயே ஆபிரகாம் டார்பி கோக்கை வெச்சு இரும்பு உருக்கிக் காட்டிட்டார். அவங்களுக்குக் காலடியில கோக் கரி இருந்துச்சு. நம்ம பக்கம் இல்ல.

நெய்வேலியில 1956-ல நிறுவனம் ஆரம்பிச்சாங்க. சுரங்கம், மின் நிலையம், உர ஆலை, அதோட ஒரு கரிக்கட்டி ஆலையும் வந்துச்சு. 1960-களின் நடுவுல அது ஓட ஆரம்பிச்சது. பூமியிலேர்ந்து எடுக்குறப்போ நெய்வேலிக் கரியில கிட்டத்தட்ட பாதி தண்ணி. அதை இடிச்சு, உலர்த்தி, ஒட்டுப்பொருள் எதுவும் சேர்க்காம பெரும் அழுத்தத்துல கட்டியாக்கினாங்க. அப்புறம் அந்தக் கட்டியைக் காத்தில்லாம வாட்டினாங்க. வெளியே வந்த கரிக்குப் பேரு லெக்கோ. உங்க வீட்ல அம்பது வயசுக்கு மேல இருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. கேஸ் சிலிண்டர் வீட்டுக்கு வீடு வர்றதுக்கு முன்னாடி டீக்கடையிலயும் சமையல்கட்டுலயும் எரிஞ்சது. புகை கம்மி, நின்னு எரியும்.

டீக்கடைக்கு ராஜா. ஆனா ஊது உலைக்கு? அங்கதான் சிக்கல்.

பழுப்பு நிலக்கரி வயசுல சின்னது. அதுக்குப் பாகு நிலையே வராது. எவ்வளவு சூடு பண்ணினாலும் இளகாது. ஜப்பான்காரங்க கட்டியில, சுத்தி இருக்கிற நல்ல கரி இளகி வந்து அதைத் தழுவிக்கிச்சு. லெக்கோவுல தழுவ யாரும் இல்ல. எந்த வடிவத்துல அழுத்தினோமோ அந்த வடிவத்துலதான் கரியாகும். அதோட பலம் அழுத்தத்தால வந்த பலம் மட்டும்தான். முப்பது மீட்டர் கோபுரத்தோட பாரத்துக்கும் சூட்டுக்கும் அது போதாது.

ஒரு நாடு இதை வேற மாதிரி சமாளிச்சது. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் கிழக்கு ஜெர்மனிக்குக் கோக் கரி கிடைக்காமப் போச்சு. நல்ல கரி இருந்த ரூர் பகுதி எல்லைக்கு அந்தப் பக்கம். இவங்க கிட்ட இருந்தது நெய்வேலி மாதிரியே பழுப்பு நிலக்கரி. ராம்லர், பில்கென்ராத்னு ரெண்டு பேர், கரியை ரொம்ப மெல்லிசா அரைச்சு, இறுக்கி அழுத்தி, மெதுவா, பக்குவமா சூடேத்தி, 1952-ல லாவுக்ஹாமர்ங்கிற ஊர்ல கோக் எடுத்துக் காட்டினாங்க. ஆனா அதையும் பெரிய உலையில நிறுத்த முடியலை. அதனால உலையையே குட்டையாக்கினாங்க! கால்பேங்கிற ஊர்ல குட்டை உலைகளை வரிசையா கட்டி இரும்பு எடுத்தாங்க. 1970 வாக்குல அதையும் நிறுத்திட்டாங்க. வேற வழி இல்லாதவன் போன வழி அது. செலவு பார்த்தா கட்டுப்படி ஆகலை.

சேலத்துக்கு வருவோம். அங்க கோக் மட்டும்தான் பிரச்சினைன்னு சொன்னா அது பாதி உண்மைதான். கஞ்சமலைத் தாதுவுல இரும்பு மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான். அரைச்சு, காந்தத்தால பிரிச்சு, செறிவாக்கணும். பணம், டெல்லியோட முன்னுரிமை எல்லாமே இருந்துச்சு. 1967-ல அண்ணா முதலமைச்சரா இருந்தப்போ சேலம் ஆலைக்காக எழுச்சி நாள் நடத்தினாங்க. 1970 செப்டம்பர்ல இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினாங்க. அதுக்கப்புறம் பத்து வருஷத்துக்கு மேல ஆகி, திட்டமே உருமாறி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு ஆலையா வந்து நின்னுச்சு. உங்க வீட்டு எவர்சில்வர் தட்டுக்கு அது நல்லது பண்ணியிருக்கலாம். ஆனா கஞ்சமலைத் தாது மலையிலயே இருக்கு. நெய்வேலியோட லெக்கோ ஆலையும் இந்த நூற்றாண்டோட தொடக்கத்துல மூடியாச்சு.

இதுலேர்ந்து நான் எடுத்துக்கிறது ஒண்ணுதான். அழுத்தம் பாகைப் பெருக்கிக் கொடுக்கும், ஆனா பாகே இல்லாத இடத்துல பாகை உண்டாக்காது. பிலாய்ல கட்டி வேலை செஞ்சதுக்கும், நெய்வேலிக் கட்டி டீக்கடையோட நின்னதுக்கும் அதுதான் வித்தியாசம். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி கறுப்புக் கட்டிதான்.

கட்டிக்குக் கொடுக்குற விலை

விளம்பரம் மாதிரி முடிக்க எனக்கு விருப்பமில்ல. இதுல கஷ்டங்களும் இருக்கு.

முதல்ல, ஒட்டுப்பொருள். நிலக்கரித் தார்ப்பிசின் புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு உறுதியான ஒண்ணு. அதைச் சூடாக்கி, பிசைஞ்சு, அழுத்துற இடத்துல வேலை பார்க்கிற ஆளோட நுரையீரலும் தோலும் இந்தக் கணக்குல வரணும். மூடின எந்திரம், புகை உறிஞ்சி, முகமூடி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் இருந்தாத்தான் மலிவான கரி உண்மையிலேயே மலிவு. இல்லைன்னா அந்தச் செலவை ஒரு தொழிலாளி வீடு கட்டுது.

ரெண்டாவது, சுவர். கட்டி உப்பும்னு சொன்னேன் இல்லையா? சுத்தி இருக்கிற கரியையும் தள்ளும், அடுப்பறைச் சுவரையும் தள்ளும். நல்லா உப்புற ரகக் கரியைக் கண்ணை மூடிக்கிட்டு இறுக்கினா செங்கல் சுவர் விரிசல் விடும். அந்தச் சுவர் பல பத்து வருஷம் நிக்க வேண்டியது.

மூணாவது, போக்குவரத்து. பெல்ட்ல போறப்போ, தொட்டியில விழுறப்போ கட்டி உடையும். பெரிய துண்டு ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம்னு பிரிஞ்சா, ஒரு அடுப்பறையில நல்ல கோக், பக்கத்து அறையில சொத்தைக் கோக்.

நாலாவது, பருவநிலை. கரிக்கட்டியால கோக் மலிவாகலாம், ஆனா கோக் கோக்தான். ஊது உலையில ஒரு டன் எஃகுக்கு ரெண்டு டன்னுக்கு மேல கார்பன் டை ஆக்சைடு வெளியாகுது. அடர்த்தி கூடினா அது மறையாது. யாராவது இதைப் பசுமைத் தொழில்நுட்பம்னு சொன்னா, ஒரு நிமிஷம் நின்னு எதை வெச்சுச் சொல்றீங்கன்னு கேளுங்க.

நேயர்கள் கேட்டது

*அண்ணே, கரிக்கட்டியை எதுக்குக் கோக் ஆக்கணும்? நேரா உலையில போட்டா ஆகாதா?*

நல்ல கேள்வி தம்பி. சாதாரண ஊது உலையில ஆகாது, நொறுங்கிடும். ஆனா உலையோட அமைப்பையே மாத்தினா ஆகும். தென் கொரியாவுல போஸ்கோ நிறுவனம் ஃபைனெக்ஸ்னு ஒரு முறையை 2007-ல பெரிய அளவுல ஓட்டினாங்க. அதுல தூள் தாதுவும், அழுத்தின கரிக்கட்டியும் போகும். கோக் அடுப்பு வரிசையே வேண்டாம்னு போற பாதை அது. நம்ம நாட்டுலயும் கர்நாடகாவுல தோரணகல்லு ஆலையில அதுக்கு அண்ணன் முறையான கோரெக்ஸ் உலை 1999-லேர்ந்து வந்துச்சு. அதுலயும் கொஞ்சம் கோக் சேர்க்க வேண்டியிருக்கு. முழுசா விடுதலை இல்ல. ஆனா கதவு திறந்திருக்கு.

*சேலம் மாவட்டத்துல இப்போ ஊது உலை இருக்கே. மேச்சேரி பக்கம். அதுக்குக் கோக் எங்கேர்ந்து வருது?*

இருக்கு, சரியாச் சொன்னீங்கம்மா. தனியார் ஆலை. தமிழ்நாட்டு மண்ணுல கோக் கரி கிடையாதுங்கிறதால அதுக்கான கரி எப்படியும் வெளியிலேர்ந்துதான் வந்தாகணும். அதாவது, சேலத்துல ஊது உலை சாத்தியமே இல்லைன்னு நான் சொல்லலை. கப்பலும் துறைமுகமும் ரயிலும் இருந்தா எங்கயும் சாத்தியம். ஆனா உள்ளூர்க் கரியில உள்ளூர்த் தாதுங்கிற அந்தப் பழைய கனவு வேற.

*ஹைட்ரஜன் வந்துட்டா இதெல்லாம் பழங்கதை ஆயிடுமா?*

ஒரு நாள் ஆகலாம். ஆகணும்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா ஒரு ஊது உலை கட்டினா பல பத்து வருஷம் ஓட்டுவாங்க. இந்தியாவுல புதுசா இன்னும் கட்டிக்கிட்டும் இருக்காங்க. உங்க வயசுக்காரங்க வேலைக்குச் சேர்ந்து, ரிட்டயர் ஆகுற காலம் வரைக்கும் அதுல சில உலைகள் எரிஞ்சுக்கிட்டிருக்கும். அதுவரைக்கும் எந்தக் கரியை, எவ்வளவு, யாரோட உடம்பைப் பணயம் வெச்சு உள்ள போடுறோம்ங்கிற கேள்வி இருந்துக்கிட்டேதான் இருக்கும். உலோகவியலோ வேதியியலோ படிக்கிறவங்க யாராவது இங்க இருந்தா, தார்ப்பிசின் இல்லாத நல்ல ஒட்டுப்பொருள் ஒண்ணு கண்டுபிடிங்க. அதுக்கு இன்னிக்கே வாங்க ஆள் இருக்கு.

நேரம் ஆயிடுச்சு. வெளியில விளக்குக் கடை இன்னும் திறந்துதான் இருக்காம். வாங்கப் போறவங்க, பித்தளை என்ன விலைன்னு மட்டும் கேட்காம, உருக்க என்ன கரி போடுறீங்கன்னும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. ஒரு உலோகத்தோட விலையில பாதிக் கதை அதோட அடுப்புல இருக்கு. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.